மழையின் முதல் கால் மணி நேரம்

செல்வராணிக்குப் பொறாமை என்பது குணமல்ல, இன்னொரு வேலை. ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் சமையல் எண்ணெய் ஆலையொன்றில் இருபத்திரண்டு வருடமாகப் புட்டி நிரப்பும் வரிசையில் நிற்கிறாள். அந்த வேலைக்குச் சம்பளம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு. பொறாமைக்கு இரண்டும் கிடையாது. கூட வேலை பார்த்தவளை லைன் லீடராக்கியபோது மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாத்தனார் வீட்டில் இரண்டு கதவு ஐஸ்பெட்டி வந்த வாரம், தன் வீட்டு ஒற்றைக் கதவுப் பெட்டியை அறைந்து அறைந்தே சாத்தினாள். புருசன் அய்யாவு ஆலை பஸ் ஓட்டுகிறவர், வாய் திறந்தால் ஒரு வரிதான் வரும். "ஒன் வயித்துல அடுப்பு வச்சா கேஸே வாங்க வேணாம்" என்பது அவர் கண்டுபிடித்த வரி. கல்யாணம் காட்சி என்று எங்கே போனாலும் அதைச் சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடுவார். அவர் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அதற்கும் அவளுக்கு எரியும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மற்றவர்களுடைய பொறாமை படுத்துக் கிடந்து புழுங்கும். செல்வராணியுடையது எழுந்து போய் வேலை செய்யும். அந்தத் தோட்டமே அப்படித்தான் வந்தது.

உலு திராம் ஓரத்தில், நெடுஞ்சாலையின் மேம்பாலத்தை ஒட்டி நிற்கும் நாலு மாடி ஃபிளாட்டில் கீழ்வீடு அவளுடையது. இரண்டாம் மாடியில் வெள்ளையம்மா. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வெள்ளையம்மா மாடிப்படி ஓரத்தில் பெயிண்ட் டின்னில் கருவேப்பிலை வைத்திருந்தாள். ஒரு நாள் ரசத்துக்குக் கொஞ்சம் கேட்டதற்கு, கொத்தாக ஒடிக்காமல், நகத்தால் ஐந்தே ஐந்து இலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்தாள். செல்வராணி அன்று ரசம் வைக்கவில்லை. மறுநாள் மண்வெட்டியோடு மேம்பாலத்தடிக்குப் போனாள்.

பாலத்தடி என்றால் நூற்றிருபது மீட்டர் நீளத்துக்கு யாருக்கும் வேண்டாத நிலம். மேலே லாரிகளுக்கு, கீழே கொசுவுக்கு. உடைந்த சோபா, ஓட்டை மெத்தை, தேய்ந்த டயர் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். நகராண்மைக் கழகத்தார் வருடத்துக்கு மூன்று முறை வந்து புல் வெட்டிவிட்டுப் போவார்கள். அங்கே செடி வளராது என்று எல்லாரும் சொன்னார்கள். வெயில் இல்லை, மழையும் படாது, பின்னே எப்படி வளரும்?

வெயில் இருந்தது, ஆனால் ஒரே இடத்தில் நிற்கவில்லை. காலையில் கிழக்கு ஓரத்தில் பத்து மணி வரை விழும். சாயங்காலம் மூன்றிலிருந்து மேற்கு ஓரத்தில் விழும். வெயில் நிற்காவிட்டால் செடி நடக்கட்டும் என்று செல்வராணி முடிவு செய்தாள். பேரங்காடிக்காரர்கள் தூக்கிப் போட்ட துருப்பிடித்த தள்ளுவண்டிகளில் சாக்கு விரித்து, மண் போட்டு, கத்தரியும் வெண்டையும் பசலையும் வைத்தாள். விடியற்காலை வேலைக்குப் போகும் முன் பதினோரு வண்டியையும் கிழக்கே தள்ளிவிட்டுப் போவாள். ஆட்களை ஆலையில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வரும் அய்யாவு, மதியம் அவற்றை முணுமுணுத்துக்கொண்டே மேற்கே தள்ளுவார். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துச் சிரிப்பார்கள். கத்தரிக்காய் காய்க்கத் தொடங்கிய பிறகு சிரிப்பு நின்றது.

தண்ணீரும் அங்கேயே இருந்தது. பாலத்தின் மேல் பெய்கிற மழையெல்லாம் ஒவ்வொரு தூணிலும் ஒரு குழாய் வழியாக இறங்கி, கீழே லோங்காங்கில், அதாவது கழிவுக் கால்வாயில், விழுந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழாய்க்கு நேரே நீல டிரம்மை வைத்தாள். முதல் வருடம் மாசி வெயிலில் ஒரு மாதம் மழையே இல்லை. பிறகு பெய்த முதல் மழையை ஆசையாகப் பிடித்துப் பசலைக்கு ஊற்றினாள். இரண்டு நாளில் பசலை கறுத்துச் சுருண்டது. டிரம்மை எட்டிப் பார்த்தால் மேலே ஏழு வர்ணத்தில் எண்ணெய் ஆடை. வாழ்நாளெல்லாம் எண்ணெயோடு நிற்பவளுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. வெயில் நாளெல்லாம் சாலையில் சேர்ந்த டயர்த் தூளும் லாரி எண்ணெயும் புகையும் முதல் மழையோடு இறங்குகின்றன. கொஞ்ச நேரம் ஓடவிட்டால் பிறகு வருவது சுத்தமான தண்ணீர்.

அன்றிலிருந்து அவளிடம் ஒரு பலகை இருந்தது. மழை தொடங்கியதும் ஓடிப் போய்க் குழாயின் வாய்க்குக் கீழே அதைச் சாய்த்து வைப்பாள், அழுக்குத் தண்ணீர் வழுக்கி லோங்காங்கில் விழும். கால் மணி நேரம் கழித்துப் பலகையை எடுத்தால் டிரம் நிறையும். அவள் வேலையில் இருக்கும்போது பெய்தால், டிரம்மைக் கவிழ்த்துவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருப்பாள். இதை யாரும் பார்த்ததில்லை. மழை தொடங்கும்போது எல்லாரும் துணி எடுக்க ஓடுவார்களே தவிர, பாலத்தடிக்கு யார் வருவார்கள்?

இப்படிப் பன்னிரண்டு வருடம் போயிற்று. வெங்காயம், பருப்பு, அரிசி நீங்கலாக வாரத்தில் நாலு நாள் கடைக்குப் போகாமல் சமைத்தாள். அக்கம்பக்கத்தில் புகழ்ந்து கேட்டவர்களுக்கு அள்ளிக் கொடுத்தாள். சும்மா கேட்டவர்களுக்குக் கிள்ளிக் கொடுத்தாள். 'செல்வராணி தோட்டம்' என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த இரண்டு வார்த்தை காதில் விழுந்தால் போதும், அன்றைக்கு வேறு யார்மேலும் பொறாமை வராது.

போன நவம்பரில் ஷாந்தினி வந்தாள்.

ஜொகூர் பாருவில் யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பாவுடைய அப்பா அந்தக் காலத்து ரயில்வேயில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. சிங்கப்பூர் கம்பெனி ஒன்றில் பூங்காக்களுக்குப் படம் வரைகிற வேலை. வயது முப்பத்துமூன்று. பாலங்களுக்கு அடியிலும் தண்டவாள ஓரத்திலும் வீணாய்க் கிடக்கும் இடங்களில், பக்கத்துக் குடும்பங்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே விளைவித்துக்கொள்ள ஒரு மாதிரித் திட்டம் போடுகிறாளாம். நகராண்மைக் கழகம் இந்தப் பாலத்தடியைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறதாம். ஒரு சனிக்கிழமை டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, "நீங்கள் எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு முதலிலயிருந்து சொல்லுங்கோ அக்கா" என்றாள்.

'சொல்லுங்கோ'வில் வந்த அந்தக் 'கோ'வே செல்வராணிக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஐம்பத்தோரு வயது வாழ்க்கையில் அவள் பேச்சை ஒருவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. மனசு குளிர்ந்துபோய் வண்டிக் கதையைச் சொன்னாள், வெயில் கணக்கைச் சொன்னாள், எந்தத் தூணடியில் எந்தக் கீரை வரும் என்பதைச் சொன்னாள். பலகையை மட்டும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, நேரமாகிவிட்டது. அடுத்த தடவை வரும்போது அதைத் தனியாகச் சொல்லலாம், பிள்ளை அசந்துபோகும் என்று ஆசையாக எடுத்து வைத்திருந்தாள்.

அடுத்த தடவை வருவதற்குள் படம் வந்துவிட்டது. மாடிப்படி அறிவிப்புப் பலகையில் பெரிய வண்ணத் தாள். அவளுடைய தள்ளுவண்டிகள் அதில் தண்டவாளத்தின்மேல் அழகாக நின்றன, ஒரு கையால் தள்ளினால் பதினோரு பாத்தியும் சேர்ந்து நகரும்படி. அவளுடைய ஒரு நீல டிரம் ஆறு தொட்டிகளாகியிருந்தது. அவள் கனவிலும் நினைக்காததும் இருந்தது. சமையல் கழிவு மக்கும் தொட்டிக்கு, அதில் வரும் புழு மீனுக்கு, மீன் தண்ணீர் செடிக்கு, செடி பதினாலு வீட்டு அடுப்புக்கு. எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் பெயர். தாளின் மூலையில் வரைந்தவர் பெயர் என்று ஷாந்தினி. வேறு பெயர் எதுவும் இல்லை.

"அலாமாக், என்னா அழகு! நம்ம பாலத்தடியா இது?" என்று வெள்ளையம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"படிச்ச பிள்ள படிச்ச பிள்ளதான் லா" என்றார் அய்யாவு.

செல்வராணி தாளை மூன்று முறை படித்தாள். இங்கிலீஷ் அவ்வளவாக வராது, ஆனால் தன் பெயரை எந்த மொழியிலும் அடையாளம் தெரியும். இல்லை. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று மளமளவென்று பற்றிக்கொண்டது. ஐஸ்பெட்டியும் லைன் லீடரும் இதற்கு முன்னால் எந்த மூலைக்கு!

டிசம்பர் மழைக்காலத்தில் ஷாந்தினி தண்ணீரைச் சோதனைச்சாலைக்கு அனுப்ப வந்தாள். எட்டு நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. குழாயடியில் குனிந்து புட்டியில் பிடித்தாள், நனையாமல் குடை பிடித்தவள் செல்வராணி. எட்டு நாள் மழையில் சாலை கழுவிக் கழுவிக் கோயில் தரையாகியிருக்கும், அதில் என்ன அழுக்கு வரும்? அந்தப் புட்டிக்குள் விழுந்தது வெறும் வானத்துத் தண்ணீர். செல்வராணிக்கு அது தெரியும்.

ஷாந்தினி நிமிர்ந்து, "வீட்டுக் கூரை எண்டால் முதல் தண்ணியை வெளியில விடுவினம். இதுக்கும் அப்பிடி ஒண்டு வைக்க வேணுமோ? அதுக்குக் காசும் போதாது. நீங்கள் எத்தனை வருசமா ஊத்துறீங்கள், செடிக்கு ஒண்டும் ஆகேல்லையோ அக்கா?" என்று கேட்டாள்.

கையில் குடை. ஒரு சொல் சொன்னால் போதும். செல்வராணி அந்தத் தாளின் மூலையை நினைத்தாள்.

"பன்னெண்டு வருசமா இந்தத் தண்ணிதான் ஊத்துறேன். என் செடிங்க எப்படி இருக்குன்னு நீங்களே பாக்குறீங்கல்ல?" என்றாள்.

பொய் ஒன்றும் இல்லை. ஷாந்தினி தலையாட்டினாள். சோதனை முடிவும் சுத்தம் என்று வந்தது. ஆறு குழாயும் வெறும் வலைத் தடுப்போடு நேராகத் தொட்டிகளுக்குள் இறங்கின.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிளாட்டே கூடிக் கோத்தோங் ரோயோங் என்கிற கூட்டுழைப்பில் இறங்கி, சோபாவையும் டயரையும் அகற்றி, தண்டவாளம் போட்டு, தொட்டி கட்டி முடித்தார்கள். முந்நூறு திலாப்பியா மீன்குஞ்சு வந்து இறங்கியது. நகராண்மைக் கழகத்தின் கடிதமும் வந்தது. மார்ச் இறுதியில் அதிகாரி வந்து பார்ப்பார். திருப்தியென்றால் மூன்று வருட அனுமதி. இல்லையென்றால் வேலி போட்டு லாரி நிறுத்துமிடம். செல்வராணியின் பழைய தோட்டமும் அந்த வேலிக்குள்தான் வரும். பன்னிரண்டு வருடம் யாருக்கும் தெரியாமல் பிழைத்த இடம் இப்போது ஃபைலில் ஏறிவிட்டது. இனி பழையபடி திருட்டுத்தனமாகப் பயிர் செய்ய முடியாது. அவளுக்கு இது நன்றாகவே புரிந்தது. தன் மூக்கை அறுத்துக்கொண்டு எதிரிக்குச் சகுனத் தடை செய்த கதையைச் சின்ன வயதில் கேட்டபோது, இப்படியும் ஒரு முட்டாள் இருப்பானா என்று சிரித்திருக்கிறாள்.

பிப்ரவரியிலிருந்து ஒரு சொட்டு மழை இல்லை. ஜனவரித் தண்ணீரிலேயே மீன் வளர்ந்தது, கீரை வளர்ந்தது, ஷாந்தினியின் புகழும் வளர்ந்தது. சனி, ஞாயிறானால் அவளைச் சுற்றி ஒரு கூட்டம். யாரைப் பார்த்தாலும் "ஷாந்தினி தோட்டத்துல பறிச்சது" என்று சொல்லிக் கீரைக்கட்டைக் காட்டினார்கள். மீனுக்குத் தீனி போடும் பொறுப்பு வெள்ளையம்மாவுக்கு. ஐந்து இலைக்காரி இப்போது கை நிறைய அள்ளிப் போட்டாள். அய்யாவு மதியத்தில் பாத்திகளை ஒரு விரலால் தள்ளிவிட்டு, "இத மொதல்லேயே செஞ்சிருந்தா என் இடுப்பு தப்பிச்சிருக்கும்" என்றார். அன்று அவருக்குக் குழம்பில் உப்பு இல்லை.

'சொல்லிவிடலாமா' என்று சில நாள் தோன்றும். அப்போதெல்லாம் யாராவது ஷாந்தினியைப் புகழ்ந்துவிடுவார்கள். 'அவ்வளவு கெட்டிக்காரி தானே கண்டுபிடிக்கட்டும்' என்று செல்வராணி வாயை இறுக்கிக்கொள்வாள். செடிக்கு நேராகப் போகாது, மீன்தானே, அதுவும் மழை பெய்தால்தானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மார்ச் இருபதாம் தேதி பெய்தது. நாற்பத்தேழு நாள் வெயிலுக்குப் பிறகு.

செல்வராணி ஆலை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள், அய்யாவுதான் ஓட்டினார். கண்ணாடியில் முதல் சொட்டு விழுந்தபோது மணி மூன்றேகால். பெண்களெல்லாம் "மழை, மழை" என்று கத்தினார்கள். செல்வராணி கைப்பேசியை எடுத்தாள். அன்றைக்கு ஷாந்தினி லீவு போட்டு அங்கேதான் இருந்தாள், எண்ணும் இருந்தது. 'குழாயக் கழட்டி லோங்காங்ல விடுங்க' என்றால் முடிந்தது. விரல் எண்ணின்மேல் நின்றது. ஐந்து நிமிடம் ஆயிற்று. ஜன்னலுக்கு வெளியே சாலை நுரைத்துக் கறுப்பாக ஓடியது. பத்து நிமிடம் ஆயிற்று. 'இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது' என்று கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

இறங்கிப் போனபோது பாலத்தடியில் திருவிழா. ஆறு தொட்டியிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, மக்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். தலை முதல் கால் வரை நனைந்திருந்த ஷாந்தினி ஓடி வந்து செல்வராணியைக் கட்டிக்கொண்டாள்.

"பாருங்கோ அக்கா, நிறையுது! உங்கட தண்ணி, அக்கா!"

செல்வராணியும் அவளைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலாகப் பார்த்தபோது, பக்கத்துத் தொட்டியில் ஏழு வர்ணம் மெல்ல விரிந்துகொண்டிருந்தது. மழை இருட்டிலும் கூத்திலும் அது வேறு யார் கண்ணிலும் படவில்லை.

விடிந்தபோது முந்நூறு மீனும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. எண்ணெய் ஆடை கலைந்து தொட்டி ஓரங்களில் கறுப்புக் கோடாகப் படிந்திருந்தது. பாசி என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

ஷாந்தினி தொட்டியடியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண் பட்டுவிட்டது என்றார் ஒருவர். கடைசியில் எல்லார் விரலும் வெள்ளையம்மாவிடம் போய் நின்றது. அவள்தான் மிச்சச் சோற்றையெல்லாம் போட்டாளாம், தண்ணீர் புளித்துவிட்டதாம். "நான் கொஞ்சமாத்தான் போட்டேன், சாமி சத்தியமா கொஞ்சமாத்தான்" என்று வெள்ளையம்மா மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். பன்னிரண்டு வருடமாக அவள் அழுவதைப் பார்க்க ஆசைப்பட்டவள்தான் செல்வராணி. பார்த்தபோது ஒரு சந்தோஷமும் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அதிகாரி வருவதற்கு ஐந்து நாள்தான் இருந்தது. வந்தார், பார்த்தார், காலித் தொட்டிகளைப் படமெடுத்தார். நல்ல மனிதர்தான். எல்லாரையும் நிற்க வைத்து மலாயில் கேட்டார்: மீன் எதனால் செத்தது? காரணம் தெரிந்தால் திருத்தச் சொல்லி நாள் கொடுக்கலாம். தெரியாவிட்டால் நாளைக்கு இதே தண்ணீரில் விளைந்ததை மனிதர் சாப்பிடுவார்கள், அதற்கு நான் கையெழுத்துப் போட முடியாது.

வெள்ளையம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஷாந்தினி அவளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இவங்கள் மேல பிழை இல்லை. காரணம் எனக்குத் தெரியேல்லை. ஆனா இது முழுக்க என்ர வடிவமைப்பு. தொட்டி, குழாய், தண்ணி, எல்லாம் நான் வரைஞ்சது. பிழை என்ர பேரிலதான் எழுத வேணும்" என்று தமிழில் இவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதையே மலாயில் அதிகாரியிடம் சொன்னாள். அவர் தாளைப் புரட்டி எழுதத் தொடங்கினார்.

செல்வராணி வாயைத் திறந்தது நல்ல மனசால் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெள்ளையம்மாவின் கண்ணீர் ஐந்து நாளாக உறுத்தியது உண்மை. வேலியும் லாரியும் கண்முன்னால் வந்தது உண்மை. ஆனால் அந்த நிமிடத்தில் அவளை உலுக்கியது வேறு. ஷாந்தினி வண்டியை எடுத்துக்கொண்டாள், டிரம்மை எடுத்துக்கொண்டாள், பெயரை எடுத்துக்கொண்டாள். இப்போது செல்வராணி செய்த தப்பையும் இவளே எடுத்துக்கொண்டு போகிறாளே! இதுவும் அவள் பெயரில்தானா?

"சாயா தாவு!" என்று கத்தினாள். எனக்குத் தெரியும் என்று மலாயில் சொல்லிவிட்டாள். இனி பின்வாங்க முடியாது.

எல்லாரும் திரும்பினார்கள். அதிகாரியின் பேனா நின்றது.

"தண்ணிதான் கொன்னுச்சு. வெயிலுக்கு அப்புறம் வர்ற மொத மழையில ரோட்டு எண்ணெயெல்லாம் எறங்கும். அத லோங்காங்ல விட்டுட்டு அப்புறந்தான் புடிக்கணும். நான் பலகை வச்சுத்தான் பன்னெண்டு வருசமா புடிக்கிறேன். மழை பேஞ்ச அன்னிக்கும் தெரியும். இவங்க பைப்பு வரையிறப்பவே தெரியும். சொல்லல."

"ஏம்மா சொல்லல?" என்று கேட்டது அய்யாவு. அவர் குரல் அப்படி உடைந்து அவள் கேட்டதேயில்லை.

"சொல்லல" என்றாள் மறுபடியும்.

யாரோ ஒருவர் அதிகாரிக்கு மலாயில் சொன்னார். அவர் தூண் குழாய்களை மறுபடி போய்ப் பார்த்தார். முதல் தண்ணீரை வெளியேற்ற வழி செய்து, அதற்குப் பின் வரும் தண்ணீரைச் சோதித்துக் காட்டினால் மூன்று மாதம் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பாலத்தடி பிழைத்தது. ஒருவரும் கை தட்டவில்லை. வெள்ளையம்மா செல்வராணியின் முகத்தைப் பார்க்காமலே மாடியேறினாள். மற்றவர்களும் கலைந்தார்கள். அய்யாவு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனார், அவருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

ஷாந்தினி மட்டும் நின்றாள். திட்டுவாள் என்று செல்வராணி காத்திருந்தாள். திட்டினால் பதில் சொல்ல ஐந்து மாதத்துப் பேச்சு தயாராக இருந்தது. அவளோ தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நிமிசம் விட வேணும்?"

"நாள் கணக்கா காஞ்சிருந்தா கால் மணி நேரம். தினம் பேயிற காலத்துல அஞ்சு நிமிசம் போதும்."

"தூறல் எண்டால்?"

"தூறல்னா புடிக்கவே கூடாது. அது கழுவாது, ஊற வைக்கும்."

ஷாந்தினி எழுதினாள். எழுதிக்கொண்டே வரைந்தாள். செங்குத்தாக ஒரு தடித்த குழாய், அதற்குள் ஒரு பந்து. முதல் தண்ணீர் குழாயை நிறைக்கும், நிறைந்ததும் பந்து மேலே வந்து வாயை அடைக்கும், பிறகு வருவது தானாகத் தொட்டிக்குப் போகும். அடியில் ஒரு சின்ன ஓட்டை, அழுக்கு மெதுவாக லோங்காங்கில் வடிந்து அடுத்த மழைக்குக் காலியாகிவிடும். ஆளே வேண்டாம், ஓடவும் வேண்டாம், நனையவும் வேண்டாம். பன்னிரண்டு வருடம் மழையில் ஓடியதை ஐந்து நிமிடத்தில் வரைந்து முடித்தாள். செல்வராணிக்கு அந்த நிலையிலும் வயிறு எரிந்தது. இவ்வளவு நடந்தும் இது அடங்கவில்லையே என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது.

ஷாந்தினி பென்சிலைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். 'அக்கா' போடவில்லை.

"வேற ஏதும் இருக்கோ, எனக்குச் சொல்லாதது?"

செல்வராணி யோசித்துப் பார்த்தாள். வண்டி, வெயில், கீரை, தண்ணீர், எல்லாம் சொல்லியாயிற்று. இந்தப் பாலத்தடியில் அவளுக்கு மட்டும் தெரிந்தது என்று இனி ஒன்றும் மிச்சமில்லை. ஒன்றே ஒன்று இருந்தது. அதையும் ஏன் வைத்துக்கொள்வது என்று தோன்றியது.

"ஒங்க மேல பொறாமை. நீங்க வந்த நாள்லேருந்து. அது ஒண்ணுதான் சொல்லல."

ஷாந்தினி தாளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அது எனக்கு முதல் நாளே தெரியும்" என்றாள். "தண்ணிதான் தெரியேல்லை."